மாதேஸ்வரி வீட்டுத் தண்ணீர்

போன வாரம் முழுக்க ஒரு பாட்டில் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதீர்கள்... எல்லாம் ஆராய்ச்சிதான்!

நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். ஏரியூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலர், வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் படி ஏறியவர்கள். உருப்போட்டு மார்க் வாங்கினால் மட்டும் போதுமா? கையால் ஒரு ஆராய்ச்சி செய்யட்டுமே என்று, வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஒரு பாட்டில் கொண்டு வரச் சொன்னேன். ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பார்த்து, ஊர்ப் பெயரோடு ஒரு பட்டியல் போட. பல்லைக் கறையாக்கி எலும்பையும் பதம் பார்க்கிற அந்தச் சமாச்சாரம் தர்மபுரிக்காரர்களுக்குப் புதிதில்லை.

சோதனை சுலபம். குழாயில் இளஞ்சிவப்புத் திரவம்; ஃப்ளோரைடு உள்ள தண்ணீரை ஊற்றினால் மஞ்சளாகிவிடும்.

ஏரியூர்ப் பக்கத்து மாதேஸ்வரியின் தண்ணீர் மட்டும் மாறவே இல்லை. சுற்றுவட்டாரமெல்லாம் மஞ்சள்... நடுவில் இவள் வீடு மட்டும் எப்படி? அவள் பல்லிலோ கறை; வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். மூன்று முறை செய்யச் சொன்னேன். மருந்து கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். வேறு பாட்டில் கொண்டு வந்தாள். அதுவும் மாறவில்லை. பூமிக்கடியில் அதிசயப் பாறை ஏதாவது இருக்குமோ? சக பேராசிரியர்களிடம் அளந்துவிட்டும் வந்தேன் — வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போய்விட்டேன். போர்வெல் எங்கே என்று கேட்டதும் அவள் அம்மா திருதிருவென்று விழித்தார்.

"அது கேன் தண்ணிங்க சார். காலேஜ் வாத்தியாருக்குப் போயி எங்க போர் தண்ணிய எப்படிங்க குடுத்தனுப்பறது?"

சிரித்துவிட்டேன். மாதேஸ்வரி சிரிக்கவில்லை. என்னை வாசல் பக்கம் கூப்பிட்டாள்.

"அது கேன் தண்ணின்னு எனக்குத் தெரியும் சார். லிஸ்ட்ல ஊர் பேரு வரும்ல? அக்காவப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. அவங்க வந்தப்ப அக்கா சிரிக்கவே இல்ல சார். பல்லு மட்டும்தான்னா விட்ருவாங்க. எலும்பும் போயிரும்னு தெரிஞ்சா...?"

பொய் சாம்பிள் கொடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. ஊர்ப் பெயருக்குப் பதிலாக 'ஊர்-1' என்று போட்டுவிடலாமே? போடலாம். ஆனால் அந்தப் பட்டியலைக் காட்டித்தான் ஒன்றிய அலுவலகத்தில் சுத்திகரிப்பு இயந்திரம் கேட்கப் போகிறோம். பெயரில்லாத ஊருக்கு யார் இயந்திரம் வைப்பார்கள்? அக்காவின் கல்யாணமா, ஊர்ப் பிள்ளைகளின் எலும்பா? இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை.

திங்கட்கிழமை மாதேஸ்வரி நிஜமான போர் தண்ணீரைக் கொண்டு வந்தாள். ஊற்றினாள். மஞ்சள். ஊர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

"உங்க வூட்டுத் தண்ணி இதுல இல்லீங்களே சார்?"

கேலியா, சந்தேகமா... இன்று வரை புரியவில்லை.

மறுநாள் என் வீட்டு போர் தண்ணீரைக் கொண்டுபோய் நானே ஊற்றினேன். அதுவும் மஞ்சள்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பதறவே இல்லை.

"தெரு பேர மட்டும் எழுதிராதீங்க. மாடிக்கு வாடகைக்கு ஆள் வரணும்ல?"

வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். இப்போதைக்கு அதில் இரண்டு கட்டங்கள் காலி. ஒன்று மாணவியுடையது, இன்னொன்று, அவளுக்கு ஆராய்ச்சி சொல்லித்தருகிறவனுடையது!