சத்தத்துக்கு ஓர் ஏற்பாடு

தொண்ணூறுகளில் நான் கருமத்தம்பட்டியில் வாத்தியார். முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். விசைத்தறிக்காரர் என்று பார்த்தவுடனே தெரிந்தது, புருவத்தில்கூடப் பஞ்சு. பக்கத்தில் நின்றாலும் தறி இரைச்சலுக்கு மேல் கத்துகிற குரலில்தான் பேசினார்.

"ஏனுங்க, எம்பட புள்ள தறிக்குடோன்ல உக்காந்துதானுங்க படிக்கும். தறி ஓடுற வரைக்கும் தலை நிமிராதுங்க. கரண்ட் போனா போச்சுங்க. பல்லி, சிலந்தின்னு பராக்குப் பார்க்க ஆரம்பிச்சுருமுங்க."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"பரீட்சை ஹால்ல கொஞ்சம் சத்தத்துக்கு ஏற்பாடு பண்ணிக் குடுங்க."

பதினைந்து வருஷமாக 'சத்தம் போடாதே' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். சிரித்து அனுப்பிவைத்தேன்.

கணக்குப் பரீட்சைக்கு நான்தான் மேற்பார்வை. அவர் மகள் மட்டுமல்ல, ஹாலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்போது சுவருக்கு வெளியே ஒரு மொபெட் கிளம்பியது. கிளம்பியதே தவிர, போகவில்லை. மட்கார்டு தடதடக்க நின்ற இடத்திலேயே ஓடியது.

விரட்டலாமென்று ஜன்னலுக்குப் போனேன். அவர்தான். வண்டியை ஸ்டாண்டு போட்டு, ஒரு கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே, மறுகையை நெஞ்சில் வைத்துப் பவ்வியமாக வணக்கம் சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். நாற்பது தலைகளும் தாளில் கவிழ்ந்திருந்தன.

ஜன்னலின் மூடியிருந்த இன்னொரு கதவையும் திறந்துவிட்டு வந்தேன்.