கோசோங்

நேற்று பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் பக்கத்து மேசைப் பெண் "கோப்பி கோசோங் லா, அண்ணே" என்று கேட்டதும், வெண்ணெயில் வறுத்த கோப்பிக் கொட்டையின் கருகல் மணம் என்னை நான் வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு வந்த கோப்பியோ வெறும் தண்ணி. அம்மாவாக இருந்தால் ஒரு வாயோடு கீழே வைத்திருப்பாள்.

படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்குச் சோறு இறங்காத காலம் அது. சீனியில்லாத கோப்பி மட்டும் கொஞ்சம் இறங்கும் என்பதால், ஞாயிறுதோறும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஏதாவதொரு சீனர் கடைக்குப் போய், "கோப்பி கோசோங்" என்று கேட்டு, கயிறு கட்டிய பால் டின்னில் வாங்கி, ததும்பாமல் கையை நீட்டிப் பிடித்தபடி வீடுவரை நடப்பார். அம்மா குடித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வாள்.

"கருகிப்போச்சுங்க. பாலத்துக்கிட்ட இருக்கிற கடைதான் தேவல."

"சரி, அடுத்த வாரம் வேற கடை பாப்போம்."

அம்மா இறந்த அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னோடு பாலத்துக் கடையில் போய் நின்றார். கோப்பி என்ற சொல் வராமல், "கோசோங்" மட்டுமே வெளியே வந்தது. மலாயில் அதற்குக் காலி என்றுதான் பொருள். கடைக்குப் புதிதாக வந்திருந்த ஆள், ஒரு வெறும் டின்னைக் கயிறு கட்டி நீட்டினார்.

அப்பா வாங்கிக்கொண்டார். கையை நீட்டிப் பிடித்தபடி, வீடுவரை ததும்பாமல் நடந்தார்.