வெள்ளிக்கிழமைச் சோதனை

அலுவலகத்தில் அவளைச் 'சல்லடை' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமை. நோயாளியின் எடைக்கேற்ப மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. பதினோரு மருத்துவமனைகள் வாங்கியிருந்தன. அதில் பிழை இருக்கிறதா என்று தானாகவே பார்க்கும் சோதனைகள் அறுநூறையும் ஒன்பது வருடமாக உட்கார்ந்து எழுதியவள் அவள். யார் ஒரு வரியை மாற்றினாலும் உடனே எல்லாம் ஓடும், முடிய நாற்பது நிமிடம் ஆகும். ஒன்று தவறிச் சிவப்பு காட்டினாலும் மாற்றம் உள்ளே போகாது.

புதிதாக வந்த மேலாளருக்கு அந்த நாற்பது நிமிடம் பொறுக்கவில்லை. "வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஓடினா போதும்" என்றார். மாற்றிய மென்பொருள் மருத்துவமனைகளுக்குப் போவதோ வியாழக்கிழமை. சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு சோற்றில் கல் பொறுக்குகிற கூத்து.

"சின்னச் சோதனைங்கள மட்டும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டலாம் சார், அஞ்சு நிமிஷம்தான். பெருசெல்லாம் புதன்கிழமை ஓட்டிடலாம்" என்று மன்றாடிப் பார்த்தாள்.

"வீட்டுலயும் உப்ப நாலு தடவை ருசி பார்ப்பீங்களோ?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த ஏற்பாடு வந்த ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, ஒரு சோதனை சிவந்தது. பத்துக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு மருந்து பத்து மடங்காக வந்தது. அந்தக் கணக்கு முந்தின நாளே பதினோரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் தலைநிமிரவில்லை. "மறுபடி ஓட்டுங்க, பச்சையாயிடும்."

அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அதுதான், பச்சையாகும்வரை பொத்தானை அழுத்துவது. மூன்று முறை ஓட்டினாள். மூன்றும் சிவப்பு.

"அப்ப அந்தச் சோதனைய நிறுத்தி வைங்க. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்."

அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. படிக்கட்டுக்கு வந்து, மருத்துவமனைகளுக்குத் தானே போன் போட்டாள். முதலாவதில் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் எடுத்தாள். விஷயத்தை இவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"நேத்தே பார்த்துட்டோம் மேடம்" என்றாள் நர்ஸ், சாவகாசமாக. "ஒரு மாசமாவே தப்புத் தப்பாத்தானே வருது. உங்க கணக்க இங்க யாரும் நம்புறதில்ல. நாங்களே ஒருதரம் போட்டுப் பார்த்துட்டுத்தான் ஊசிய எடுப்போம்."

போன உயிர் திரும்பியது. கூடவே கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது. ஒன்பது வருடம் அவள் உழைத்ததெல்லாம், அந்தக் கணக்கை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பதற்காகத்தான். இன்னும் பத்து மருத்துவமனைகள் இருந்தன. அங்கேயும் ஒருவர்கூட நம்பியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.