வச்சலாக்கா அடைத்த துளை

வச்சலாக்கா எங்கள் பெட்ரோல் பங்க்குக்குச் சண்டை போட வந்த அன்று நடந்த பேச்சு எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது.

முதலில் என் மேசையில் ஒரு பாட்டிலை நச்சென்று வைத்தார். மேலே பெட்ரோல், அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

“இன்னாம்மா இது?”

“எதுலேருந்து எடுத்ததுக்கா?”

“என் வண்டி டேங்க்லேர்ந்து. மெக்கானிக்கு வடிச்சிக் குட்த்தான். ரெண்டு வாரத்துல மூணு வாட்டி நடுரோட்ல நின்னுபோச்சி. நீங்க பெட்ரோல் விக்கிறீங்களா, போர் தண்ணி விக்கிறீங்களா?”

மேனேஜர் வரதன் உள்ளேயிருந்து வந்தார். “இந்தாம்மா, பின்னாடி ஐஸ் பொட்டி கட்டிக்கினு சுத்தற. மீன்காரி வண்டில தண்ணி இல்லாம வேற இன்னா இருக்கும்?”

“போன ஞாயித்துக்கெழம உன் வூட்ல கொழம்பு வச்ச வஞ்சிரம் இந்த வண்டிலதான் வந்துச்சி, அண்ணாத்த. துன்னும்போது நாறலியா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வரதன் முகம் கறுத்தது. “ஷாரோன், டெஸ்ட் பண்ணிக் காட்டு. இவங்க வாய மூடட்டும்” என்றார்.

நீண்ட அளவுக்கோலின் நுனியில் பசை தடவி நிலத்தடித் தொட்டியில் இறக்கினேன். தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். மாறவில்லை.

“எங்க தொட்டில தண்ணி இல்லக்கா.”

“அப்ப என் டேங்க்குக்கு வானத்துலேர்ந்து வந்துச்சா?”

பேச்சு அவ்வளவுதான்.

வச்சலாக்கா திருவிடந்தைக் குப்பத்துக்காரர். கணவர் தேசப்பன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார். அக்கா விடியலில் கரையில் மீன் ஏலம் எடுத்து, கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் விற்கிறார். முன்பு பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் கண்டக்டர் நாற்றம் என்று சொல்லி, கூடையோடு கோவளத்தில் இறக்கிவிட்டார். அந்தக் கோபத்தில் ஒரே மாதத்தில் தேசப்பனின் மோட்டார் சைக்கிளை ஓட்டக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு தேசப்பனுக்கு வண்டி கிடைக்கவில்லை.

குடியிருப்பிலும் அதே நாற்றப் பேச்சுதான். வண்டி நாறினால் கேட்டுக்குள் விடமாட்டோம், எட்டு மணிக்குமேல் வந்தாலும் விடமாட்டோம் என்றார் சங்கச் செயலாளர். அதனால் அக்கா தினமும் வழியில் ஒரு குழாயடியில் நிறுத்தி, வண்டியின் மேலிருந்து வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போவார். வண்டி நின்ற மூன்று நாளும் எட்டு மணி தாண்டிவிட்டது. நான்காவது முறை தாமதமானால், உள்ளே மீன் விற்க அவருக்குக் கொடுத்திருந்த கேட் பாஸ் வேறொருவருக்குப் போய்விடும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். நூற்றிருபது வீடு. அது போனால் அவருக்கு வேறு வியாபாரம் இல்லை.

அவர் கிளம்பும்போது நானும் வெளியே போனேன். டேங்க் மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். மூடி ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருந்தது. குழி நிறையக் காலையில் கழுவிய தண்ணீர் தேங்கி நின்றது. அக்கா மூடியைத் தூக்கினார். தேங்கிய தண்ணீர் எங்கள் கண்ணெதிரிலேயே டேங்குக்குள் சரிந்தது.

குழியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக ஒட்டியிருந்தது.

“இது என்னக்கா?”

“ரெசினு. போட்டுக்குப் பூசறது. போன மாசம் பேஞ்ச மழைல டேங்க்ல தண்ணி பூந்துச்சி. பாத்தா மூடிகிட்ட ஒரு ஓட்ட. அத்தான் அடச்சேன்.”

சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் வண்டியின் கையேடு இருந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. பக்கத்தைத் தேடி, தமிழில் சொன்னேன்: மூடியருகே உள்ள துளை, அங்கே விழும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வடிவதற்கானது. அடைபட்டால் சுத்தம் செய்ய வேண்டும்.

அக்கா புத்தகத்தையே முறைத்தார். “போட்டுல ஓட்டய பாத்துட்டு எவனாவது சும்மா வுடுவானா? ஓட்டன்னா அடைக்கணும், அதான் எங்களுக்குத் தெரியும். வண்டிய எங்ககிட்ட விக்கத் தெரிஞ்சவனுக்கு இந்த ரெண்டு வரிய எங்க பாஷைல போடத் தெரில?”

எனக்கும் கோபம் வந்தது. மீன்காரி வண்டி என்று ஏளனம் செய்த வரதன்மேலும்தான்.

அக்கா ஒரு சைக்கிள் சக்கர ஸ்போக்ஸ் கம்பியை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ரெசினைக் குத்தினார். அது தேசப்பன் போட்டுக்குக் குழைத்த ரெசின், லேசில் விடவில்லை. கடைசியில் துளைக்குள் கெட்டித்திருந்த செதிலும் உப்பும் பொத்துக்கொண்டன. மேலே தண்ணீர் ஊற்றியதும் வண்டிக்கு அடியிலிருந்து கொட்டி, வேடிக்கை பார்க்க வந்த வரதனின் ஷூவை நனைத்தது.

“மீன்காரி தண்ணி அண்ணாத்த. ஒட்டிக்கும்” என்றார் அக்கா.

அன்றே டேங்க்கை முழுதாக வடித்து, மூடிக்குப் புது ரப்பர் போட்டார். வண்டி பிறகு நிற்கவில்லை. கேட் பாஸ் தப்பியது. கோபம் மட்டும் தீரவில்லை.

ஒரு வாரம் கழித்து, வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தார்.

“எங்க குப்பத்துல மீன் விக்கற பரிமளா வண்டி நேத்து நின்னுபோச்சி. பொட்டி மீனு பூரா வீணு.”

“அவங்களும் அடைச்சிட்டாங்களா?”

“அவ மட்டுமா, எட்டு வண்டில அடச்சிருக்காளுங்க. ஓட்டய நான்தான் காட்டுனேன். அடைங்கடின்னு ரெசினும் நான்தான் குட்த்தேன்.” சொல்லிவிட்டு, யாரையோ அடிக்கப் போகிறவர்போல மூச்சு வாங்கினார். “இப்ப தொறங்கடின்னா, அடைக்கச் சொன்னவளும் நீதானேன்னு சிரிக்கிறாளுங்க.”

மேசைமேலிருந்த வெள்ளைத்தாளையும் மார்க்கரையும் என் பக்கம் தள்ளினார்.

“அந்தப் புக்குல கீறத தமிழ்ல பெரிசா எழுதிக் குடு, ஏலம் போடற எடத்துல ஒட்டறேன். மேல எம்பேரப் போடு. வச்சலா சொன்னது தப்புன்னு எழுது. அப்பத்தான் நின்னு படிப்பாளுங்க.”