சித்தி கொண்டுவந்த டச்சுச் சொல்

அம்மா பனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டபோது எனக்கு ஏழு வயது முடியவிருந்தது. வெளிச்சமும் சத்தமும் கொஞ்ச நாளைக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லூயிஷாமில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் சின்ன பிளாட்டில் அது நடக்கிற காரியமா? அப்பா போனில் ஹலோ சொன்னாலே கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். என் கவலை வேறு. சனிக்கிழமை என் பிறந்தநாள். அது இல்லையென்று ஆகிவிடுமோ என்று அழுகை அழுகையாக வந்தது.

அப்போதுதான் ஹாலந்திலிருந்து அம்மாவின் தங்கை வந்தார். சித்தியை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். வந்த கையோடு விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, "கெடெம்ப்ட்" என்றார், முதலெழுத்தைத் தொண்டைக்குள் உரசி.

"லைற்றை அணைக்கிறதோ சித்தி?"

"இல்லைப் பிள்ளை. அணைச்சா இருட்டு. இது வெளிச்சம் இருக்கும், ஆனா ஒருத்தரையும் குத்தாது."

அதன்பின் அந்தச் சொல் வீடெல்லாம் நடமாடியது. திரைச்சீலைக்கு அப்பால் அடங்கிப் போகும் ரயில் கெடெம்ப்ட். தணித்துப் பேசும் குரல் கெடெம்ப்ட். கண்ணைப் பறிக்காத என் பழைய ரோஸ் சட்டைகூட கெடெம்ப்ட்தான். ஒருநாள் அப்பா கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "கெடெம்ப்ட்!" என்று பெருமையோடு கத்தினார்.

பிறந்தநாளும் அப்படியே வந்தது. பலூன் இல்லை. வந்த இரண்டு சிநேகிதிகளும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நடந்தார்கள். பாட்டை மூச்சுக்குள் பாடினோம். முடிந்ததும், சற்றே திறந்திருந்த அறைக்குள்ளிருந்து மெல்லக் கைதட்டல் கேட்டது. அம்மா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தியைப் போல அமைதியான மனுஷி உலகத்திலேயே கிடையாது, வளர்ந்தால் அவரைப் போலத்தான் ஆகவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அம்மா எழும்பி நடமாடத் தொடங்கியதும் சித்தி புறப்பட்டார். ஸ்டேஷனில் அப்பா ஏதோ பகிடி விட்டார். சித்தி சிரித்தார். பெட்டி இழுத்துப் போனவர்களெல்லாம் நின்று திரும்பினார்கள். உள்ளே போனபிறகும் அவர் குரல் அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வந்தது: "அத்தான்! அக்காவைக் கவனமாப் பாருங்கோ!"

நான் பயந்து அப்பாவின் கையைப் பிடித்தேன். "சித்திக்கு என்னப்பா?"

"ஒண்டுமில்லை. உதுதான் உன்ர சித்தி. ஊரில அவ சிரிச்சா அடுத்த ஒழுங்கைக்குக் கேக்கும்."

நான் நம்பவில்லை. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பாவம், சித்திக்குக் கெடெம்ப்ட் மறந்துபோய்விட்டது என்று வீடு வந்துசேரும்வரை வருத்தப்பட்டேன்.