நாறும்பூநாதன் அண்ணாச்சி வைத்த கைப்பிடி

குத்துக்கல்வலசையில் ஷெட் போட்டிருக்கும் நாறும்பூநாதன் அண்ணாச்சியை வெறும் மெக்கானிக் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பழைய கார்களைப் பிரித்து, வண்டிக்குச் சொந்தக்காரரே பழுது பார்க்கிற மாதிரி மாற்றிப் பூட்டித் தருகிறவர் அவர். முன்பு வாடகைக் கார் ஓட்டியபோது, முன்விளக்கில் ஒரு பல்பு மாற்ற பம்பரையே கழற்ற வேண்டி வந்ததாம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. “இத டிசைன் பண்ணவன் ஒரு நாளாவது ரோட்டோரம் நின்னு பல்பு மாத்திருப்பானா?” என்று பார்ப்பவரிடமெல்லாம் கேட்பார். ஆளாளுக்குப் பழுது பார்த்துக்கொண்டால் உன் பிழைப்பு என்னாகும் என்று மற்ற மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்கள் காரும் அவர் கைபட்டதுதான். என் வீட்டுக்காரர் அஃப்சல் துபாயில் இருப்பதால் ஓட்டுவது நான். ஃபேன் பெல்ட்டை என் கையாலேயே மூன்று தடவை மாற்ற வைத்துவிட்டுத்தான் அண்ணாச்சி சாவியைத் தந்தார். கை முழுக்கக் கரி. அன்று அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

போன சாரல் சீசனில், கால் முறிவுக்கு ஓய்வெடுக்க வந்திருந்த அஃப்சல் திரும்ப வேண்டிய நாள் வந்தது. ஊருக்கு வந்து ஆறு மாதம் முடிகிற கடைசி நாள். அன்று விமானம் ஏறாவிட்டால் விசா போய்விடும், பதினோரு வருட வேலையும் போய்விடும். துபாய்க்கு ஆள் போகிறது என்றால் எங்கள் தெரு சும்மா இருக்குமா? மகனுக்கு, மருமகனுக்கு என்று வீட்டுக்கு வீடு பொடியும் ஊறுகாயும் வந்து குவிந்தன. என் மாமியார் ஹைருன் பீவி இடம் பண்ணுவதற்காக, காரில் இருந்த டூல்ஸ் பையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

திருவனந்தபுரம் போகிற வழியில், ஆரியங்காவு தாண்டி மலைப்பாதையில் பெல்ட் அறுந்தது. இன்ஜின் சூடு ஏற ஏற ஓரங்கட்டினேன். சாரல் அடித்தது, போனில் டவர் இல்லை. பின்கதவைத் திறந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் ஐந்து பாட்டில் இருக்கிறது, ஸ்பேனர் ஒன்றுகூட இல்லை. அஃப்சல் டிக்கெட்டை எடுத்து நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

பானெட்டைத் தூக்கினேன். அதன் உள்பக்கம் மாற்று பெல்ட் கட்டித் தொங்கியது. பெல்ட்டை இறுக்குகிற இடத்தில் நட்டுக்குப் பதில், சைக்கிள் சீட்டில் இருப்பது மாதிரி ஒரு கைப்பிடி. ஷெட்டில் மூன்று தடவை நான் திருகியதுதான், பதற்றத்தில் மறந்தே போயிருந்தேன். சூடு ஆறியதும் அதைத் தளர்த்தி, பெல்ட்டை மாட்டி, இழுத்து இறுக்கினேன். வண்டி கிளம்பியது. ஏர்போர்ட்டில் கவுண்டர் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அஃப்சல் உள்ளே போனார்.

மறுநாள் அவர் துபாயில் இறங்கிவிட்டதாகப் போன் வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போனேன். டூல்ஸ் இல்லாமல் போன கதையைச் சொன்னேன். அண்ணாச்சி ஆச்சரியப்படவே இல்லை.

“துபாய்க்கு ஆள் ஏத்துத வண்டில டூல்ஸா வைப்பிய? பார்சல்லா வைப்பிய. தெரிஞ்சுதாம்மா கைப்பிடி வச்சேன்.”

எங்களை இப்படித் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது. ஐந்து வேளைத் தொழுகையிலும் உங்களுக்காக துஆ கேட்கிறேன் என்றேன். அவர் கவனம் வேறெங்கோ இருந்தது. மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டார். இருபது நிமிடம் என்று பெருமையாகச் சொன்னேன்.

“இருவதா?” அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. “சாவிய வச்சிட்டுப் போங்கம்மா. நான் எங்கனயோ தப்பு பண்ணிருக்கேன்.”