தொடாமல் வைத்த கட்டன் சாயா

முதலில் அது ஒரு தும்மல்தான். வகுப்பில் முதுமையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தும்மியதும் சேலைக்குள் நனைந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவள், மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாரும் போகும்வரை எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்கு ஐம்பது வயது.

நான் நாகர்கோவிலில் உளவியல் பேராசிரியை. நடுவயதும் நலமான முதுமையும் என் ஆய்வு. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் தூக்கம், மறதி, தனிமை என்று கேட்பேன். கணவனோடு உள்ள நெருக்கத்தைக்கூடக் கேட்பேன். கூட்டங்களுக்கு அழைத்தால், உடம்புக்கு வருவதை மறைக்காதீர்கள் என்று முழங்குவேன். நானோ மூன்று வருடம் கறுத்த சேலையாகத் தேடி உடுத்தினேன். வெளியே கிளம்பும் நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் சபியா என்ற பெண்ணின் வீட்டுக்கு ஆய்வுக்காக நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) வைத்தார். நான் தொடவில்லை. கடைசி முறை, "எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்க இல்லியா டீச்சரே?" என்றார்.

முஸ்லிம் வீடு என்று ஒதுக்குகிறேன் என நினைத்துவிட்டார். குடித்தால் பஸ்ஸில் நனைந்துவிடும் என்று சொல்வதைவிட, அவர் அப்படி நினைப்பதே எனக்குச் சௌகரியமாக இருந்தது. சிரித்து மழுப்பினேன். இதை எழுதக் கூசுகிறது.

பிறகு ஒருநாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. பைலோநெப்ரைட்டிஸ் (சிறுநீரகத்தில் கிருமித்தொற்று) என்றார்கள்.

"எவ்வளவு நாளா சிறுநீர்க் கசிவு இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு மாசம் இருக்கும்."

"மூணு வருஷமாச்சு டாக்டர்," என்றார் பக்கத்தில் நின்ற என் கணவர், தாழ்ந்த குரலில். அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதே தொல்லை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீரைக் குறைக்காதீர்கள். கிருமி தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் டாக்டர். ஊசிமருந்தில் காய்ச்சல் இறங்கியது. இடுப்புத்தளத் தசைகளுக்கு (சிறுநீர்ப்பையைத் தாங்குபவை) பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கசிவு பாதிக்குமேல் குறைந்தது. இப்போது என் பகல், கழிப்பறைக்குப் போகும் கணக்கில், இரண்டு இரண்டு மணி நேரமாகப் பிரிந்திருக்கிறது. பாடத்தின் நடுவே, கழிப்பறைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டே போகிறேன்.

சபியா வீட்டுக்கு மறுபடி போனேன். வாசலிலேயே அவர் முகம் இறுகியிருந்தது. சாயா வரவில்லை. நான் ஏன் குடிக்கவில்லை என்பதை முழுக்கச் சொன்னேன். அந்தக் கசிவைப் பற்றிய ஒரு கேள்வி என் படிவத்தில் இருந்ததையும், நம் பெண்கள் வெட்கப்படுவார்கள் என்று நானே அதை அடித்துவிட்டதையும் சொன்னேன். வெட்கம் என்னுடையது.

"எளயவனப் பெத்ததுலருந்து எனக்கும் உண்டு டீச்சரே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா," என்றார் சபியா.

இளையவன் கல்ஃபில் இருக்கிறான். வயது இருபத்தேழு. அவன் வயதை முன்பே கேட்டு என் படிவத்தில் எழுதி வைத்திருக்கிறேன்; அதே இருபத்தேழு வருடக் கசிவைக் கேட்கவில்லை.